ளகர மெய்

பெரியப்பா இறந்த மறுநாள் காலை, சுடுகாட்டுக்குப் பால் தெளிக்க நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். பெரியம்மா பீரோவைத் திறந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து என்னிடம் கொடுத்தார். உள்ளே டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, கேன்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை, ஓரம் மடங்கிய இரண்டு புகைப்படங்கள். "நான் போனா அழுவறதுக்கு முன்னால இத்த எடுத்து அவங்கிட்டக் குடுன்னு சொல்லி வெச்சிருந்தாரு" என்றார். அவர் அதுவரை அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையைக் கொடுத்த பிறகுதான் அழுதார்.

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊர். தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் உண்டு. சீனச் சண்டை முடிந்த கையோடு ஆளெடுத்தபோது, 1963இல், பெரியப்பா பெங்களூரில் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 21 வருடம் கழித்து ஹவில்தாராக வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு ஏறத்தாழ 40 வருடம், பட்டாளத்தில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக் காலம், நிலக்கடலை போட்டுக்கொண்டும் கூட்டுறவுச் சங்கத்தில் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தார். ஊர் அவரை மிலிட்டரிக்காரர் என்றே கூப்பிட்டது. அரசு அவரை என்னவென்று கூப்பிட்டது என்பதை அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

முன்னாள் படைவீரர் ஒருவர் இறந்தால் ஐந்து வாசல்களில் சொல்ல வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி 21 நாளுக்குள் பதிவாளரிடம். எங்கள் ஊர்ப்பக்கம் என்றால் வி.ஏ.ஓ.விடம். பென்ஷன் விழும் வங்கியில். அவர் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசில். சாப்பர்களுக்கு அது பெங்களூர். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில். பெரியவர்கள் இன்னும் ஜில்லா சைனிக் போர்டு என்பார்கள். கடைசியாக, ராணுவ ஓய்வூதியத்துக்கென்று வந்திருக்கும் ஸ்பர்ஷ் என்ற கணினி ஏற்பாட்டில். ஸ்பர்ஷ் என்றால் நம் ஸ்பரிசம்தான். யார் பெயர் வைத்தார்களோ, தொடுகை என்று ஒரு இணையதளத்துக்குப் பெயர்.

ஒரே சாவு ஐந்து வாசலிலும் ஐந்து விதமாகப் பதிவாகிறது. வங்கிக்கு அது நிறுத்த வேண்டிய ஒரு வரவு. தாமதமானால் கூடுதலாக விழுந்ததைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். ரெக்கார்டு ஆபீசுக்கு அது ஒரு கோப்பின் கடைசித் தாள். பழைய ராணுவ வரவுசெலவுக் கணக்குகளில் ஓய்வூதியச் செலவுக்கு ஒரு தலைப்பு இருந்தது: நான்-எஃபெக்டிவ். பலன் தராத கணக்கு என்று தமிழில் சொல்லலாம். அந்த மொழியில் பெரியப்பா 1984இலேயே பாதி இறந்துவிட்டவர். மிச்சப் பாதிக்குத்தான் நான் தாள் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

வி.ஏ.ஓ. நல்ல பையன். இறப்பு அறிக்கைப் படிவத்தை அவனே நிரப்பினான். பெயர், வயது, இடம், கணவர் அல்லது மனைவி பெயர். பிறகு தொழில் என்ற கட்டம் வந்தது. "மிலிட்டரின்னு போடவா, விவசாயம்னு போடவாண்ணா?" என்று கேட்டான். மிலிட்டரி என்று போடச் சொன்னேன். போட்டான். ஆனால் அந்தக் கட்டம் இருப்பது படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில். அந்தப் பகுதி தனியே பிரிந்து, எத்தனை பேர் எந்தத் தொழிலில் இருந்து எந்த நோயில் செத்தார்கள் என்று எண்ணுகிற இடத்துக்குப் போய்விடும். சட்டப் பகுதி மட்டும்தான் பதிவேட்டில் நிற்கும். நம் கைக்கு வரும் இறப்புச் சான்றிதழ் அதிலிருந்துதான் எழுதப்படுகிறது. அதில் தொழிலுக்கு இடம் கிடையாது. நான் பிடிவாதமாக எழுதச் சொன்ன அந்த ஒரு சொல் எங்கோ ஒரு கூட்டல் கணக்கில் கரைந்துவிட்டது. இது யார் குற்றமும் இல்லை. எல்லார் சான்றிதழும் அப்படித்தான்.

இருந்தாலும் நம் மண்ணில் இது இப்படி இருந்ததில்லையே என்று தோன்றிக்கொண்டிருந்தது. போரில் இறந்தவனைப் பதிவு செய்வதற்குத் தொல்காப்பியம் ஆறு படிகளை வகுத்திருக்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் ஒன்று, தமிழ்ப் பிராமி எழுத்தில், கூடலூர் ஆநிரையைக் கவர்ந்த பூசலில் இறந்த அந்தவன் என்கிறவனைச் சொல்கிறது. எழுத்து நம் நாட்டுக்கு இன்னும் புதுசாக இருந்த காலத்திலேயே, கிடைத்த எழுத்தை முதலில் எதற்கெல்லாம் செலவழித்தார்கள் என்று பாருங்கள். செத்தவன் பெயர், ஊர், எதற்காகச் செத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த நடுகல் எங்களுக்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ளது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய் விழுந்துவிட்டான். அவன் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துத் துரத்திவிட்டு அவன் அருகிலேயே காத்து நின்றது. கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். 1,400 வருடம் கழித்து அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

இதை நினைத்துக்கொண்டே பாஸ்ரா நினைவகத்துக்கு வர வேண்டும். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்து, புதைத்த இடம் தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக ஆங்கிலேயர் எழுப்பியது. அதில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். எங்கள் பெரியப்பாவின் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்களும் அந்த மண்ணில் பாலம் கட்டியவர்கள்தாம். கல்லில் ஆங்கிலேயச் சிப்பாயின் பெயர் இருந்தது. இந்திய அதிகாரியின் பெயர் இருந்தது. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் இல்லை. படைப்பிரிவின் பெயர், அதன் கீழ் இத்தனை பேர் என்று ஒரு எண், அவ்வளவுதான். இத்தனைக்கும் அந்த நினைவகத்தை எழுப்பிய, 1917இல் தொடங்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையத்தின் அடிப்படைக் கொள்கையே, பதவி, இனம், மதம் பாராமல் எல்லாரையும் சமமாக நினைவுகூர வேண்டும் என்பது. பிரான்ஸில் நூவ் ஷாப்பேலில் 1927இல் திறந்த இந்திய நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். ஐரோப்பியர் பார்க்கிற இடத்தில் பெயர், பார்க்காத இடத்தில் எண்.

2021இல் அந்த ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும்கூட, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றது. குறைந்த கணக்குக்கும் கூடின கணக்குக்கும் இடையே இருக்கிற இடைவெளியைக் கவனியுங்கள். இரண்டு லட்சத்துச் சொச்சம் மனிதர்கள் ஒரு 'ஒருவேளை'க்குள் இருக்கிறார்கள். இந்தியக் கிராமங்கள் பலவற்றில் அந்தப் போருக்குப் பின் வெள்ளைக்காரன் பதித்த கல் பலகை ஒன்று இருக்கும். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. அதிலும் பெயர் கிடையாது. ஊருக்கே தெரியும், எழுதுவானேன் என்று நினைத்தார்களோ என்னவோ. மூன்று தலைமுறையில் ஊருக்குத் தெரியாமல் போயிற்று.

சுதந்திர இந்தியா இதில் நன்றாகவே பாடம் கற்றது. டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தின் வட்டச் சுவர்களில், 1947க்குப் பிறகு போரில் விழுந்த 25,942 பேரின் பெயர்களைக் கிரானைட்டில் வெட்டினார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். எண்ணாக நின்ற சிப்பாய்க்குப் பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது.

ஆனால் நடுகல்லில் இருந்த வேறொன்று திரும்பவில்லை. நடுகல் வாழ்த்தோடு நிற்பதில்லை. விழுந்தவன் குடும்பத்துக்கு ஊரோ அரசனோ கொடுத்த நிலத்தையும் பல கல்வெட்டுகள் சேர்த்தே சொல்கின்றன. அந்த நிலத்துக்கு நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்றால் இரத்தம். இரத்தத்துக்கு ஈடாக விட்ட காணி. அவன் பெயர், அவன் செய்தது, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் எதை உழுது பிழைப்பார்கள் என்பது, மூன்றும் ஒரே ஊர்ப் பார்வையில். நினைவுச்சின்னமும் பென்ஷன் ஆணையும் தூரத்துச் சொந்தமாக இல்லாத காலம் அது.

இன்றைய அரசு இந்த மூன்றையும் மூன்று இடத்தில் பிரித்து வைத்திருக்கிறது. பெயர் சுவரில். செயல் படைப்பிரிவின் வரலாற்றுப் பதிவேட்டில். பிழைப்பு பென்ஷன் கோப்பில். சாவு எந்த வகை என்று முதலில் முடிவு செய்வார்கள். எதிரியின் கையால் என்றால் பேட்டில் கேஷுவல்டி, மற்றவை பிசிக்கல் கேஷுவல்டி. போர்ச்சாவு என்றால் கடைசிச் சம்பளம் முழுதும் குடும்ப ஓய்வூதியம். பணியின் காரணமாக நேர்ந்த மற்ற சாவு என்றால் 60 சதவீதம். இரண்டும் இல்லாத சாதாரணச் சாவுக்கு 30. வகை பிரிக்காமல் ஒரு அரசால் பணம் கொடுக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பெரியப்பா மாதிரி, சண்டைக்குப் போய்விட்டு உயிரோடு திரும்பி, கட்டிலில் படுத்துச் செத்தவருக்குச் சுவரும் இல்லை, வரலாறும் இல்லை. மூன்றாவது தாள் ஒன்றுதான். அவருடைய மரணம் என்று அரசு எழுதிவைக்கிற ஒரே வாக்கியம், இன்ன தேதியோடு இவருக்குப் பணம் நிறுத்தப்பட்டது என்பதுதான்.

நடுகல்லும் திரும்பி வந்தவனுக்கு எழுதவில்லை என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். தொறு மீட்டுத் திரும்பி, கிழவனாகித் திண்ணையில் இருமிச் செத்தவன் எவனுக்கும் நம் ஊர்களில் கல் இல்லை. ஆனால் அவனை ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டு, நீ இன்னும் சாகவில்லை என்று காட்டு என்று யாரும் கேட்டதில்லை.

நவம்பர் வந்தால் பெரியப்பா சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்கப் போவார். முன்பெல்லாம் வங்கி மேனேஜர் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். 2014இல் ஜீவன் பிரமாண் என்ற கணினி முறை வந்தது. கைரேகை வைக்க வேண்டும். கடலைக் கொல்லையில் தேய்ந்த விரலில் ரேகை ஏது? மெஷின் அவரை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு முகத்தைப் படம் பிடிக்கிற ஏற்பாடு வந்தது. போனை முகத்துக்கு நேரே பிடித்தால் அது ஒன்று கேட்கும்: கண்ணை இமையுங்கள். புகைப்படத்தை வைத்து யாரும் ஏமாற்றக் கூடாதே. இமைத்தால் பச்சை வட்டம் வரும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று இந்திய அரசு இன்னும் ஒரு வருடத்துக்கு ஒத்துக்கொள்ளும்.

முதல் தடவை இதைச் செய்தபோது எனக்கு நளன் கதை ஞாபகம் வந்தது. சுயம்வர மண்டபத்தில் நளன் உருவத்திலேயே நான்கு தேவர்களும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யார் நளன் என்று தமயந்திக்குத் தெரியவில்லை. தேவர்கள் கண் இமைக்க மாட்டார்கள், கால் தரையில் பாவாது, மாலை வாடாது. இமைத்தவனைப் பார்த்து மாலை போட்டாள். போரில் விழுந்தவர் வானுலகம் போய் இமையவர் ஆவார்கள் என்பது நம் நம்பிக்கை. சுவரில் பெயர் பெற்றவர்கள் இமையாதவர்கள். இமைக்கிறவர்கள்தான் பென்ஷன்தாரர்கள். இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "தமயந்தி ஒரு தடவதான்டா கேட்டா" என்றார்.

அவர் சண்டையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அடிக்கடி சொன்னது ஒரே ஒரு விஷயம், அதுவும் சண்டை முடிந்த பிறகு நடந்தது. 1971 போரில் மேற்கு எல்லையில் நம்மவர்கள் பதித்த கண்ணிவெடிகளை அடுத்த வருடம் திரும்பத் தோண்டி எடுக்கிற வேலை சாப்பர்களுடையது. பதிக்கும்போதே எத்தனை, எந்த வரிசை, எந்தக் குறியிலிருந்து எத்தனை அடி என்று எழுதி வைப்பார்கள். எடுக்கும்போது அந்தத் தாளை வைத்து ஒவ்வொன்றாக அடிப்பார்கள். பதித்ததும் எடுத்ததும் ஒன்றாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது மண்ணுக்குள் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்; நாளைக்கு உழ வருகிறவன் காலில்தான் அது கிடைக்கும். ஒரு தடவை ஒன்று குறைந்தது. மூன்று நாள் தேடினார்களாம். கடைசியில் எழுதினவன் ஒரு வரிசையைக் கூட்டும்போது தப்பாகக் கூட்டியிருந்தான். "தாளு தப்புன்னா தரை தப்பு" என்பார். தாளைப் பற்றி அவ்வளவு பயபக்தியோடு பேசிய வேறொருவரை நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவரின் தாளில் ஒன்று குறைந்திருந்தது. பெரியம்மா பெயர் ஆதாரில், ரேஷன் கார்டில், இறப்புச் சான்றிதழில் எல்லாம் 'அம்மாள்' என்று முடிகிறது. 1969இல் கல்யாணத்தைப் பட்டாளத்தில் பதியும்போது யூனிட் குமாஸ்தா 'அம்மா' என்று முடித்துவிட்டான். அதுவே பார்ட் டூ ஆர்டரில் ஏறி, டிஸ்சார்ஜ் புக்கில் ஏறி, பென்ஷன் ஆணையில் ஏறி, 50 வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. புதைந்திருந்தது என்றே சொல்லலாம். பெரியப்பா இறந்த அன்றுதான் அதன் மேல் கால் பட்டது. ஓய்வூதியதாரர் இறந்த நாள்வரை அவருடைய பணம். மறுநாளிலிருந்து மனைவியின் குடும்ப ஓய்வூதியம். விதி அவ்வளவு சுத்தமாக இருக்கிறது, நடுவில் ஒரு நாளும் ஒழுகாமல். ஆனால் அந்த மறுநாளில் இருந்தவர் 'அம்மாள்'. கோப்பில் காத்திருந்தவர் 'அம்மா'. ஒரு அலுவலகத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டு சொன்னார்: "சார், எங்களுக்கு இவங்க வேற, அவங்க வேற."

பிறகு நடந்தது இந்தப் பக்கம் பட்டாளத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் தெரிந்த கதை. இருவரும் ஒருவரே என்று சான்று. நோட்டரியிடம் பிரமாண வாக்குமூலம். பக்கத்து வீட்டுச் சாட்சிகள். சைனிக் போர்டு மேலொப்பம். போட்டோ பின்னால் கையெழுத்து. ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதமும் பெரியம்மா கடலை விற்ற காசில் இருந்தார்.

அந்த அலைச்சலில் எனக்குள் ஒன்று மாறியது. முதலில் நான் கோபப்பட்டது, இவ்வளவு பெரிய வாழ்வை ஒரு எழுத்துக்குச் சுருக்கிவிட்டார்களே என்று. போகப்போக, அந்த எழுத்தைச் சரியாக எழுதியிருந்தால் அதுவே எவ்வளவு பெரிய மரியாதையாக இருந்திருக்கும் என்று தோன்ற ஆரம்பித்தது. பாஸ்ராவில் பெயரை விட்டவர்களும் 1969இல் ஒரு 'ள்'ளை விட்டவனும் ஒரே தராசில் நிற்கக் கூடியவர்கள் இல்லை. அவர்கள் வேண்டுமென்றே விட்டார்கள். இவனுக்குக் காதில் விழவில்லை. ஆனால் விடுபட்டவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: எழுதுகிறவன் தலை நிமிர்ந்து, உன் பெயர் என்னம்மா, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கவில்லை. தமிழில் 'ள்' ஒரு மெய்யெழுத்து. மெய் என்றால் உடம்பு; மெய் என்றால் உண்மை. பெரியம்மாவின் பெயரில் அந்த இரண்டும் குறைந்துதான் ராணுவக் கோப்பில் அவர் இவ்வளவு காலம் குடியிருந்தார்.

நடுகல் செதுக்கியவனும் கூலிக்காரன்தான். கோவிவன் என்று வெட்டும்போது, நாய் பெயர்தானே, எப்படி இருந்தால் என்ன என்று அவன் நினைக்கவில்லை. யாரையோ கேட்டிருக்கிறான். கேட்டதைச் சரியாக வெட்டியிருக்கிறான். இன்று ஒரு கிழச் சிப்பாய்க்கு யாரும் கல் நட வேண்டாம். படையல் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம். ஆறு படியில் முதல் படி மட்டும் போதும்: காட்சி. எதிரில் இருப்பவரைப் பார்த்து எழுதுவது.

புதிய ஆணை ஒரு மழை நாளில் வந்தது. நான் வாசித்துக் காட்டினேன். தன் பெயர் வரும் இடத்தில் பெரியம்மா நிறுத்தச் சொல்லி, எழுத்துக்கூட்டச் சொன்னார். கடைசி எழுத்துவரை கேட்டுவிட்டு, தாளை வாங்கி அதே ஜவுளிக்கடைப் பையில் வைத்தார். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களும் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். அந்த நவம்பரில், சுவரில் மாலை போட்ட பெரியப்பா படத்துக்குக் கீழே உட்காரவைத்துப் போனை நீட்டினேன். வட்டம் பச்சை ஆகவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். பெரியம்மா பட்டாளத்துக்காரர் பெண்டாட்டியாக முதுகை நிமிர்த்தி, போட்டோவுக்கு உட்காருவது போல விறைப்பாக, கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடித் தெறங்க பெரிம்மா."

"இன்னாத்துக்குப்பா?"

"இருக்கீங்கன்னு தெரியறதுக்கு."

கொஞ்ச நேரம் என்னையும் போனையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு இமைத்தார்.